தோளில் தொங்கும் பறை: யார் சொல்லி அடிப்பது?

ஆடி பிறந்துவிட்டால் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் ஓர் ஊரில் கூழ் ஊற்றுவார்கள், அடுத்த ஊரில் செடல் இருக்கும். சாமி புறப்பாட்டுக்கு முன்னால், சாயங்கால நேரத்தில் தெருமுனையில் கொஞ்சம் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தியிருப்பார்கள். அதைச் சுற்றிப் பறைகள் நெருப்பைப் பார்த்தபடி நிற்கும். ஒருவர் ஒரு பறையை எடுத்து விரலால் சுண்டிப் பார்ப்பார். சத்தம் மந்தமாக வந்தால் மறுபடியும் நெருப்பருகே வைத்துவிடுவார். ஏரிக்காற்று வீசும் நாளில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். தோல் விறைத்து, சுண்டியதும் 'டங்' என்று கேட்ட பிறகுதான் நாடாவை எடுத்துத் தோளில் மாட்டுவார். மாட்டியதுமே அவருடைய நடை மாறிவிடும். அடி இன்னும் விழுந்திருக்காது, கால் மட்டும் தாளத்துக்கு வந்திருக்கும்.

சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய காட்சி என்பதால் இதில் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. வீணையைத் தரையில் வைத்தோ மடியில் கிடத்தியோ வாசிக்கிறார்கள். மிருதங்கத்தை மடியில் சாய்த்துக்கொள்கிறார்கள். பறையை அப்படி எங்கும் வைக்க முடியாது, உடம்பில்தான் மாட்ட வேண்டும். சட்டை போடுவதைப் போல அதை உடுத்துகிறோம் என்றுகூடச் சொல்லலாம்.

இடது தோளிலிருந்து தொங்கும் நாடாவில் பறை நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் உடம்போடு ஒட்டி நிற்கும். இடது கை வளையத்தின் மேல் விளிம்பில் படிந்து அதை அணைத்துக்கொள்ளும். அந்தக் கையில் மூங்கிலைச் சீவிச் செய்த நீளமான, மெல்லிய குச்சி இருக்கும். அதைச் சுண்டுக்குச்சி என்பார்கள், சிம்புக்குச்சி என்று சொல்லும் ஊர்களும் உண்டு. வலது கையில் இருப்பது குட்டையான, கனமான அடிக்குச்சி. அடிக்குச்சி தோலின் நடுவில் விழ, சுண்டுக்குச்சி நீளவாக்கில் தோலை அறையும். தனித்தனியாக அடித்தால் இரண்டு ஒலி வரும், சேர்ந்து விழுந்தால் மூன்றாவது ஒலி பிறக்கும். எத்தனை அடி வகை இருந்தாலும் எல்லாம் இந்த மூன்றுக்குள்தான் அடங்கும். காலில் சலங்கை கட்டிவிட்டால் பாதமும் ஒரு கருவியாகிவிடும். ஆடாமல் நின்ற இடத்திலேயே பறை அடிக்கச் சொன்னால் நல்ல கலைஞர்கள் சங்கடப்படுவார்கள். குனியும்போது தொடையில் பட்டும், நிமிரும்போது நெஞ்சில் பட்டும் பறையின் ஒலி மாறும். அதனால்தான் 'பறையாட்டம்' என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம். இசையைத் தனியாகவும் ஆட்டத்தைத் தனியாகவும் அதில் பிரித்துக் காட்ட முடியாது.

செய்முறையும் அப்படித்தான், எல்லாம் கைவேலை. வேம்பு, பலா போன்ற மரத்தில் வளைவாக அறுத்த மூன்று துண்டுகளைச் சேர்த்தால் வட்டம் வரும். இணையும் மூன்று இடங்களிலும் இரும்புப் பட்டை அடிப்பார்கள். மாட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையால் வளையத்தில் ஒட்டி, இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். தோல் எங்கே தடிப்பு, எங்கே மெலிசு என்பதை விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்பார்கள். இதற்குத் தனிப் பள்ளிக்கூடம் கிடையாது, அப்பாவின் கையைப் பார்த்து மகன் படித்த படிப்பு இது.

வில்லியனூர் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், அந்தக் கலைக்காக வி.கே.முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ பெற்றதும் நமக்கெல்லாம் பெருமை. மண்ணைத் தொட்ட கைக்கு அந்த மரியாதை வந்துவிட்டது. தோலைத் தொடும் கையைப் பார்த்து மட்டும் இன்றைக்கும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கச்சேரி மேடையில் இருக்கும் மிருதங்கத்திலும் மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் எல்லாம் உண்டு. அதைச் செய்பவர்களில் பலர் தலித்துகள், அவர்களில் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர். பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார், அது முழுக்க அந்தக் கைகளைப் பற்றியது. ஆக, தீட்டு தோலில் இல்லை. யார் தோளில் தொங்குகிறது என்பதை வைத்துத்தான் சத்தத்துக்குச் சாதி ஒட்டினார்கள்.

உடம்பில் அணியும் கருவி என்றால் தவிலையும் சொல்ல வேண்டும். ஊர்வலத்தில் அதுவும் நாடாவில் தோளிலிருந்துதான் தொங்கும். வலது கை விரல்களில் பசையும் துணியும் சுற்றிக் காயவைத்த கூடுகளை மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். விரலுக்கே உறை போட்டு அதைக் கருவியாக்கிய வேலை அது. 2025ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ பட்டியலில் புதுச்சேரியின் தவில் வித்துவான் பி.தட்சணாமூர்த்தி பெயரும் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் பெயரும் சேர்ந்தே இருந்தன. தவிலும் பறையும் டெல்லியில் ஒரே பட்டியலில் வந்துவிட்டன. நம் ஊர்களில் அவை நிற்கும் இடம் எது என்பது அவரவருக்குத் தெரியும். தவில் கோயிலுக்குள் போகும், பறை வெளியே நிற்கும்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இணையத்தில் ஒன்றைப் பார்த்திருக்கலாம். இங்கிலாந்துப் பாடகி இமோஜன் ஹீப் கையுறை மாட்டிக்கொண்டு காற்றில் கையை அசைப்பார், பாட்டு வரும். விரல் மடங்குவதையும் மணிக்கட்டு திரும்புவதையும் உறையில் உள்ள சென்சார்கள் கணினிக்குச் சொல்கின்றன, கணினி அதை ஒலியாக்குகிறது. அதற்கும் முன்னால், 1984இலேயே நெதர்லாந்தின் மிஷெல் வைஸ்விஸ் இரண்டு கைகளிலும் மாட்டும் மின்னணுக் கருவி ஒன்றைச் செய்தார். அமெரிக்காவின் லாரி ஆண்டர்சன் தன் உடையிலேயே டிரம் ஒலியைப் பொருத்தி, உடம்பைத் தட்டித் தட்டி வாசித்தார். நல்ல வேலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. 'உடம்பே கருவி' என்பதை எதிர்காலத்தின் புதுமையாக அங்கே வியக்கிறார்கள். நம் தெருவில் ஒரு தாத்தா நெருப்பில் காய்ச்சி மாட்டிக்கொண்டால் அதற்கு வேறு பெயர் வைக்கிறோம்.

கையுறையை விட நமக்கு நெருக்கமான கதை ஒன்று அமெரிக்காவிலேயே இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட அடிமைகளிடம் முரசு இருந்தது. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ என்ற இடத்தில் அவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். முரசடித்து ஆள் சேர்த்தார்கள். கிளர்ச்சியை அடக்கிய வெள்ளை முதலாளிகள் 1740இல் சட்டம் போட்டு, அடிமைகள் முரசு வைத்திருப்பதையே தடுத்தார்கள். முரசு போனதும் அந்த மக்கள் தொடையைத் தட்டினார்கள், நெஞ்சைத் தட்டினார்கள், குதிகாலால் தரையை மிதித்தார்கள். அதற்கு 'ஜூபா' என்று பெயர். பறிக்க முடியாத கருவியாகத் தங்கள் உடம்பையே ஆக்கிக்கொண்டார்கள்.

நம்மைப் போலவே பிரெஞ்சு ஆட்சியைப் பார்த்த லூசியானாவில், பிரெஞ்சு பேசிய கறுப்பின மக்கள் துணி துவைக்கும் தகரப் பலகையைத் தாளக் கருவியாக்கினார்கள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, கரண்டியால் சுரண்டி வாசிப்பார்கள். கிளிப்டன் செனியர் என்ற இசைக்கலைஞர் 1946இல் வில்லி லேண்ட்ரி என்ற உலோகத் தொழிலாளியிடம் சொல்லி அதைத் தோளில் மாட்டும் தகரச் சட்டையாகவே செய்து வாங்கினார். இன்று 'சைடிகோ' இசை என்றாலே அந்தத் தகரச் சட்டைதான் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களிலோ, தண்ணீர் தேங்கிய குழிகளில் வேலை செய்வதற்காகக் கொடுத்த ரப்பர் பூட்ஸைத் தட்டி ஆடும் ஆட்டம் பிறந்தது.

அங்கே 'அடிக்காதே' என்றார்கள். இங்கே நம் பெரியவர்களிடம் 'அடி' என்றார்கள். இரண்டும் எதிரெதிராகத் தெரியலாம். இரண்டு இடத்திலும் உடம்பு ஒருவனுடையது, உத்தரவு இன்னொருவனுடையது.

பறை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 'பறை' என்றால் சொல் என்று பொருள். நிலத்துக்கு நிலம் மக்கள் வாழ்க்கையில் என்னென்ன இருந்தன என்று கருப்பொருள்களை அடுக்கும் தொல்காப்பியம் தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. மருத நிலத்துப் பறைகளில் ஒன்று நெல்லரிகிணை, அதாவது நெல் அறுக்கும்போது முழங்கிய பறை. பாகூர் ஏரிப் பாசனத்தில் அறுவடை பார்த்தவர்கள் இந்தப் பெயரைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சிறப்பித்துப் பேசுகிறது. நால்வரில் மூவருக்கு இசையோடு உறவு இருப்பது பெயரிலேயே தெரிகிறது.

அந்தக் குடியின் பெயர் பிறகு எங்கே போய் நின்றது என்பதற்குப் பிரெஞ்சு அகராதியே சாட்சி. 'பரியா' என்ற சொல் நம் கடற்கரையிலிருந்து கப்பல் ஏறி, ஐரோப்பிய மொழிகளில் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் உட்கார்ந்துகொண்டது. பாரிசில் 1821இல் கசிமிர் டெலவீன் அதையே தலைப்பாக வைத்து ஒரு நாடகம் போட்டார். பறை முழக்கியவரின் பெயர் உலகம் முழுக்க வசைச்சொல்லான கதை இது. இன்றும் ஆங்கிலச் செய்தித்தாள்களில் ஏதாவது ஒரு நாட்டை 'பரையா' என்று எழுதுகிறார்கள். எழுதுபவர்களுக்கு அது எந்தத் தெருவிலிருந்து எடுத்த சொல் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பிரெஞ்சு ஆட்சியில் 1881இல் ஓர் ஆணை வந்தது. சாதி வழக்கத்தோடு பிணைந்த தனிநபர் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு, பிரெஞ்சு சட்டத்தின் கீழ் வரலாம் என்றது அது. 'ரெனோன்சான்' என்று அழைக்கப்பட்ட அப்படிப்பட்டவர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் பலர் இருந்தார்கள். காகிதத்தில் பெயரை மாற்றிக்கொள்ள முடிந்தது. ஊருக்குள் ஒரு சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வருவது அதனால் நின்றுவிடவில்லை.

சாவு வீட்டுக்குப் பறை என்பது கேட்டு வாங்கும் கலையாக இருக்கவில்லை, கொடுத்தே தீர வேண்டிய ஊழியமாக இருந்தது. உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை என்று சொல்ல முடியாது. கூலி பேச முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். பணத்துக்குப் பதில் சாராயம் கொடுத்த வழக்கமும் உண்டு, அது எத்தனை குடும்பங்களைத் தின்றது என்று நமக்குத் தெரியும். பிணத்துக்கு முன்னால் நடந்துகொண்டே மணிக்கணக்கில் அடித்த கையை, அதே ஊரின் டீக்கடை தனி டம்ளர் கொடுத்து உட்கார வைத்தது.

இதை எதிர்த்து முதலில் எழுந்த குரல்கள் பறையைக் கீழே போடச் சொன்ன குரல்கள்தான். பாகூருக்குப் பக்கத்துக் கடலூர் மண்ணில் எல்.இளையபெருமாள் அப்படிச் சொன்னவர்களில் முக்கியமானவர். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தீண்டாமையை ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று 1969இல் அறிக்கை கொடுத்தவர். சாவுக்குப் பறையடிக்கும் கட்டாயத்தை மறுக்கும்படி தென்னார்க்காட்டுச் சேரிகளில் இயக்கம் நடத்தினார். அவர் பேச்சைக் கேட்டுப் பறையைப் பரணில் ஏற்றியவர்கள் உண்டு. அப்படி ஏற்றிய ஒருவரைப் பார்த்து 'கலையை அழித்துவிட்டார்' என்று இன்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். அன்றைக்கு அவர் காப்பாற்றியது தன் உடம்பை.

1990களில் காற்று இன்னொரு திசையில் வீசியது. மதுரையில் தலித் கலை விழாக்கள் நடந்தன. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை மாட்டிக்கொண்டார்கள். ஆண்கள் தோளில் மட்டுமே பார்த்த கருவியைப் பெண்கள் தோளில் பார்த்தபோது முதலில் திகைத்தவர்களில் நம் வீட்டு ஆண்களும் சேர்த்திதான். சென்னையில் மணிமாறன், மகிழினி நடத்தும் புத்தர் கலைக்குழு நிறைய இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பறையைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுபோனது. இலங்கையின் மட்டக்களப்பில் பறைமேளக் கூத்து மேடை ஏறியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தமிழர் விழாக்களில் இன்று பறை முழங்குகிறது. அடிப்பவர்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நல்லது.

ஆனால் ஒரே வீட்டுக்குள் இதனால் சண்டை நடப்பதையும் நாம் பார்க்கிறோம். பெண் கல்லூரி ஆண்டு விழாவுக்காகப் பறை பழகிக்கொண்டு வருகிறாள். அப்பா, 'இதுக்காகவா உன்னைப் படிக்க வெச்சேன்' என்கிறார். அவள் தோளில் அது தமிழிசை. அவர் தோளில் அது ஊர்க்காரர் கூப்பிட்ட குரல். இதில் அப்பாவைப் பழைய ஆள் என்று ஒதுக்குவதும் தவறு, பெண்ணைத் தடுப்பதும் தவறு. மேடையில் ஏறிய கலை அவர் காலத்தில் ஏன் ஏறவில்லை என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லித் தர அப்பாவை விட நல்ல ஆசான் கிடைக்க மாட்டார்.

இன்னொரு கசப்பும் உண்டு. மேடைப் பறைக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், தெருவில் சாவுக்கு அடிப்பவரைப் 'பறைமேளக்காரன்' என்று ஒருமையில் கூப்பிடுகிறார்கள். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே அடி. மேடைக் குழுக்கள் பலவும் அடிகளைக் கற்றது தெருவில் அடிப்பவர்களிடம்தான். அவர்களை ஒருநாள் ஆசானாக மேடை ஏற்றி, பேசிய தொகையைக் கையில் கொடுக்கும் குழுவைத்தான் நாம் நல்ல குழு என்போம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் எடுத்துச் சொல்லலாம். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது, 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுத்தது. பட்டியல் சாதியினரைக் கட்டாய ஊழியம் செய்ய வைப்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். நம்மைச் சுற்றியுள்ள தமிழகத்தில் 2022 ஆகஸ்டில், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தண்டோரா போட ஆளை நடக்கவிட வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம், மீறி ஈடுபடுத்துபவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள் என்றார். அரசாங்கச் செய்தியைச் சொல்லவும் இத்தனை காலம் ஒரு மனிதனின் தோள் தேவைப்பட்டிருக்கிறது.

விருப்பத்தோடு அடிப்பவர்கள் தொழிலாக அடிக்கட்டும். முன்கூட்டியே தொகை பேசுங்கள், முன்பணம் வாங்குங்கள், எத்தனை மணி நேரம், எங்கிருந்து எங்கே என்று கேளுங்கள். பேண்டு செட்டுக்காரரிடம் யாரும் பேரம் பேசாமல் கொடுக்கும் தொகையைப் பறைக்குக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பறை உடம்போடு ஒட்டியிருக்கும் கருவி, அடிப்பவர் காதுக்கும் தோலுக்கும் இடையே ஒரு முழம்கூட இராது. வருடக்கணக்கில் அடித்த பெரியவர்களிடம் உரக்கப் பேச வேண்டியிருப்பது வயதால் மட்டும் வந்த குறை என்று நினைக்காதீர்கள். மருந்துக்கடையில் நுரையாலான காதடைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பயிற்சி கொடுக்கும் குழுக்கள் முதல் நாளே அதைக் கொடுத்துவிடலாம். பைபர் தோல் போட்ட பறை இப்போது வருகிறது. காய்ச்ச வேண்டாம், மழைக்குத் தொய்யாது. ஒலியில் அந்த ஆழம் இல்லை என்பார்கள் மூத்தவர்கள், நமக்கும் அப்படித்தான் படுகிறது. பழகுகிற பிள்ளைக்கு அது போதும்.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சங்கராபரணிக் கரையிலும் தென்பெண்ணைக் கரையிலும் கூட்டம் சேரும்போது, தாங்களாக ஆசைப்பட்டுப் பறை மாட்டிவரும் பிள்ளைகளைப் பாருங்கள். அவர்களில் யாரும் முதல் நாளே பறையைத் தொட்டிருக்க மாட்டார்கள். நல்ல ஆசான்கள் குச்சியைக் கொடுப்பதற்கு முன் கையைத் தட்டச் சொல்வார்கள், பிறகு காலை மாற்றி வைக்கச் சொல்வார்கள், வாயால் தாளம் சொல்ல வைப்பார்கள். கையும் காலும் வாயும் ஒன்றாக வந்த பிறகுதான் நாடா தோளுக்கு வரும். சின்னப் பிள்ளைகளுக்குப் பறை முழங்காலில் இடிக்கும். அவர்களுக்கு நாடாவில் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டு ஏற்றிக் கட்டிவிட வேண்டும்.